மனவடுவும் ஊர் வடுவும்
பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் ஆய்வுப் பணி

(உலக உளநல தினத்தையொட்டி, அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பரா மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அடுப்பு வேலையைப் பாதியிலே விட்டுட்டு வந்திருக்கிறீங்க. மழையும் இருட்டிக்கொண்டு வருது. ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

ஒக்டோபர் 10ஆம் திகதி உலக உளநல தினம். 1992ஆம் ஆண்டிலிருந்து உலகமெங்கும் இதை அனுட்டித்து வருகிறார்கள். இப்படியான கூட்டங்களிலே நாங்கள் வழக்கமாக மலசலகூடம், சத்துணவு, சேமிப்பு, குடி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு மனிதரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொன்னதும், "யாரு சார் அது, மந்திரியா?" என்று முன்வரிசையிலே ஒரு அக்கா கேட்டாங்க. மந்திரி இல்லை. அவர் ஒரு டொக்டர், மனநல வைத்தியர். பெயர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். அவர் இந்தப் பக்கத்து ஆள் அல்ல. ஆனாலும் அவர் காலமெல்லாம் ஆராய்ந்து எழுதின விசயம் நம்முடைய லயத்து வாசலிலே வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்கணக்காக விடாமல் பெய்த மழையில், நம்முடைய அரநாயக்கையிலே சாமசர மலை உடைந்து இறங்கியது. எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே என்று மூன்று கிராமங்கள் மண்ணுக்குள்ளே போயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். அநேகம் பேருடைய உடல் கிடைக்கவேயில்லை. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹனவில் மண் சரிந்து தோட்ட லயத்துச் சனங்கள் மாண்டார்கள். அதற்கு முன்னாலே 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே லயங்கள் அப்படியே புதைந்தன. சிங்களக் கிராமம், தமிழ்த் தோட்டம் என்று மண்ணுக்குத் தெரியாது.

அந்த நாட்களிலே நாங்கள் என்ன செய்தோம்? மேல் லயத்துச் சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினோம். பாய் கொடுத்தோம், அரிசி பருப்பு கொடுத்தோம், பிள்ளைகளுக்குப் பால்மா கொடுத்தோம். ஆளாளுக்கு ஒரு படிவம் நிரப்பினோம். அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டத்திலே "வேறு தேவைகள்" என்று ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த இடத்திலே நாங்கள் எழுதினது ஒரே சொல்தான்: "இல்லை". கேட்டு எழுதவில்லை. நாங்களாகவே எழுதினோம். வரிசை நீளம், நேரம் போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் இப்போது சொல்லுகிற சாட்டு.

ஆறு மாதம் கழித்து ஒரு அம்மா எங்களிடம் வந்தாங்க. பேர் சொல்ல மாட்டோம். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, பேர் விழாத நாளே கிடையாது. அவங்களுக்குத் தலைவலி, நெஞ்சடைப்பு, கைகால் உளைச்சல். மருந்துக் காம்பராவில் பெனடோல் கொடுத்தாங்க. பிரஷர் பார்த்தாங்க. கேகாலைக்கு அனுப்பி நெஞ்சைப் படம் பிடித்தாங்க. ஒன்றுமில்லை என்று துண்டு வந்தது. "ஒண்ணுமில்லேங்கிறாங்க சார், ஆனா ராத்திரி மழை பேஞ்சா எனக்கு மூச்சு நிக்குது" என்றாங்க. வேலைக்குப் போகாததுக்குச் சாட்டு சொல்லுறா என்று மலையிலே கங்காணிமார் பேசினார்கள். நாங்களும் பாதி அப்படித்தான் நினைத்தோம். அவங்களுடைய தங்கையைப் புலத்கொஹுபிட்டியப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்ததும், அந்தத் தங்கை மண்ணிலே போனதும், பாதை அடைபட்டு முகம் பார்க்கப் போக முடியாமல் இந்த அம்மா பள்ளிக்கூட வராந்தாவிலே உட்கார்ந்திருந்ததும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பிலேதான் தயா சோமசுந்தரம் என்ற பேரை முதன்முதலாகக் கேட்டோம். எங்கள் படிப்பு க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்றது. பெரிய ஆராய்ச்சிப் புத்தகம் படிக்கிற ஆட்கள் அல்ல நாங்கள். ஆனால் இந்த மனிதர் தமிழிலேயும் எழுதியிருக்கிறார். 1993ஆம் ஆண்டு "மனவடு" என்ற பெயரிலே ஒரு நூல் வந்தது. வடு என்றால் உங்களுக்குத் தெரியும், கவ்வாத்துக் கத்தி பட்ட இடத்திலே ஆறின பிறகும் நிற்கிற தழும்பு. மனசுக்கும் அப்படி ஒரு தழும்பு உண்டு என்பதைத்தான் அந்தப் பேர் சொல்லுகிறது.

அவர் வேலை செய்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1980களில் இருந்து வடக்கிலே யுத்தம். குண்டு விழுகிறது, வீடு எரிகிறது, ஆட்கள் பிடிபடுகிறார்கள், காணாமல் போகிறார்கள். படித்த டொக்டர்மார் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். வடபகுதிக்கு இருந்த மனநல வைத்தியர்களை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம். அவர் இருபது வருடத்துக்கும் மேலாக அங்கேயே வேலை செய்தார். 1990ஆம் ஆண்டு வெளிவந்த "முறிந்த பனை" என்ற நூலை எழுதிய நான்கு பேரில் அவரும் ஒருவர். யுத்தத்திலே எந்தத் தரப்பு அநியாயம் செய்தாலும் அதை எழுதி வைத்த நூல் அது. எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம, மருத்துவ பீடத்தில் படிப்பித்த அம்மையார், நூல் வெளிவர முன்னமே 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதுவதற்கே உயிர்ப் பயம் இருந்த காலம் என்பதைச் சொல்லத்தான் இதைச் சொன்னோம்.

இப்போது அவருடைய ஆய்வுக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுவது வைத்தியருடைய வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வராத சனம் எப்படி இருக்கிறது? இதைக் கேட்பதுதான் சமூக உளமருத்துவம். தயா சோமசுந்தரமும் டொக்டர் சிவயோகனும் சேர்ந்து யாழ்ப்பாணத்திலே வீடுகளில் இருக்கிற சாதாரண சனங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 98 பேர். 1994ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெயர்பெற்ற உளமருத்துவ ஏடொன்றிலே அந்த ஆய்வு வெளிவந்தது. யுத்தத்தின் தாக்கம் எதையும் காணாதவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான். நூற்றுக்கு 64 பேருக்கு மனசிலே ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது. மனச்சோர்வு நூற்றுக்கு 25 பேருக்கு. நடந்தது திரும்பத் திரும்பக் கண்ணிலே வருவது, கனவிலே வருவது, சத்தம் கேட்டால் துடித்துப் போவது, இப்படியானது 27 பேருக்கு. குடி, போதை 15 பேருக்கு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்றும் சேர்ந்து இருக்கலாம், அதனால் கூட்டிப் பார்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய கணக்கு எது தெரியுமா? நூற்றுக்கு 41 பேருக்கு மனசின் வேதனை உடம்பு வழியாக வந்தது. தலைவலி, நெஞ்சு நோவு, உடம்பு எரிச்சல், கிறுகிறுப்பு. இதைக் கேட்ட இடத்திலே நாங்கள் தலை குனிந்தோம். அந்த அம்மாவுக்கு இருந்தது சாட்டு அல்ல. அவங்க பொய் சொல்லவில்லை. நெஞ்சு உண்மையாகவே அடைத்தது. "எனக்குக் கவலையா இருக்கு" என்று ஒரு தோட்டத்துப் பொம்பளை எங்கே போய்ச் சொல்லுவாள்? பெரட்டிலே சொல்ல முடியுமா? சொன்னால் அரை நாள் லீவு தருவாங்களா? தலைவலி என்றால் ஒரு துண்டாவது கிடைக்கும். அதனால் கவலையை உடம்பு சொல்லுகிறது. நம்ம சனம் பேசுகிற பாஷையிலேயே இது இருக்கிறது. வயிறு எரியுது என்போம், நெஞ்சு வெடிக்குது என்போம், ஈரல் கருகிப்போச்சு என்போம். இதையெல்லாம் படம் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே மருந்துக் காம்பராவுக்கு ஒரு ஆள் நாலாவது தரமும் அதே நோவோடு வந்தால், மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு விடாமல், "வீட்டிலே என்ன நடந்துச்சு அக்கா?" என்று கேட்க வேண்டும். இது எங்களுக்கும் சேர்த்துத்தான்.

அதோடு அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல டொக்டர் என்று சொல்லி முடித்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் போன வழிதான் நமக்கு முக்கியம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலே இருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் வீடு வாசலை விட்டு நடந்தது. கொட்டுகிற மழையிலே ஒரு சின்னப் பாதை வழியாக. அதிலே தனித்தனி மனிதருக்குக் காயம் பட்டது மட்டுமா? அயலவன் எங்கேயோ, கோயில் எங்கேயோ, பள்ளிக்கூடம் எங்கேயோ. ஊர் என்று சொல்லுகிறோமே, அதுவே உடைந்து போனது. அவர் கம்போடியாவுக்கும் போய் இரண்டு வருடம் வேலை செய்தார். அந்த நாட்டிலே 1975 முதல் 1979 வரை நடந்த கொடுமையான ஆட்சியிலே பதினேழு இலட்சம் அளவுக்குச் சனம் செத்தது. பிள்ளையே தாய் தகப்பனைக் காட்டிக் கொடுக்கிற அளவுக்கு அங்கே ஆட்களைப் பழக்கினார்கள். ஆட்சி போய் வருடங்கள் ஆகியும் ஆளுக்கு ஆள் நம்பிக்கை இல்லை, வாய் திறந்து பேச்சில்லை. மனநல வைத்தியம் என்று சொல்ல அந்த நாட்டிலே ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. அங்கே அவரும் கூட்டாளிகளும் கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, பிக்குமாரையும் நாட்டு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

1998ஆம் ஆண்டு வந்த அவருடைய ஆங்கில நூலின் பேரைத் தமிழிலே சொன்னால் "வடுப்பட்ட மனங்கள்". 2014ஆம் ஆண்டு வந்த நூலின் பேர் "வடுப்பட்ட சமூகங்கள்". இந்த இரண்டு பேரையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். மனம் என்று தொடங்கி சமூகம் என்று வந்து நிற்கிறார். இடையிலே 2007ஆம் ஆண்டு எழுதின ஒரு கட்டுரையிலே இதைக் கூட்டு மனவடு என்று விளக்கினார். பெரிய அழிவு வந்தால் ஆளுக்கு ஆள் நோய் பார்ப்பது போதாது, குடும்பத்துக்கும் ஊருக்கும் பட்ட காயம் ஒன்று தனியாக இருக்கிறது என்பது அவர் முடிவு. ஊருக்குக் காயம் பட்டால் எப்படித் தெரியும்? ஆளை ஆள் நம்ப மாட்டார்கள். பேச மாட்டார்கள். எதையும் எடுத்துச் செய்யும் ஊக்கம் போய்விடும். யாராவது வந்து தருவார்கள் என்று கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குடி கூடும், வீட்டுக்குள்ளே அடி கூடும்.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு வடக்கு ஞாபகம் வரவில்லை. நம்முடைய மேல் லயம்தான் ஞாபகம் வந்தது. அதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. மண் சரிவுக்குப் பிறகு மேல் லயத்துச் சனத்துக்கு வேறு இடத்திலே வீடு கொடுத்தபோது, பேரை எழுதிச் சீட்டுக் குலுக்கினோம். நியாயமாகத்தான் செய்தோம், யாருக்கும் பக்கம் சாயவில்லை. ஆனால் அறுபது எழுபது வருடமாக ஒரே கூரைக்குக் கீழே, ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்த குடும்பங்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். ஒரு வீட்டிலே பிள்ளை அழுதால் அடுத்த காம்பராவிலே இருந்து கை நீளும், அதுதான் லயம். அந்தக் கையை நாங்கள் சீட்டுக் குலுக்கி வெட்டினோம். புது வீட்டிலே ஒழுக்கு இல்லை, தனிக் குழாய் இருக்கிறது. ஆனால் முதல் வருடத்திலேயே அங்கே குடி கூடிவிட்டது என்று பொம்பளையாட்கள் எங்களிடம் வந்து சொன்னபோது, நாங்கள் குடியைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தோம். ஏன் கூடியது என்று கேட்கவில்லை.

"யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் சொன்னது மலைநாட்டுக்குச் சரிவருமா?" என்று ஒரு தலைவர் எங்களிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே யுத்தம், இங்கே மண். அங்கே சொந்தக் காணி, இங்கே படுத்திருக்கிற காம்பராவும் கம்பெனிக்குச் சொந்தம். எல்லாம் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த 2014ஆம் ஆண்டு நூலிலே யுத்தத்தோடு 2004 டிசம்பர் சுனாமியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். மனிதன் செய்த அழிவும் இயற்கை செய்த அழிவும் சனத்தின் மனசுக்குள்ளே இறங்குகிற விதத்தை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்.

அவர் சொல்லுகிற வைத்தியமும் ஆஸ்பத்திரிக்குள்ளே மட்டும் இல்லை. மருந்து வேண்டியவர்களுக்கு மருந்து வேண்டும், அதிலே மாற்றமில்லை. ஆனால் இத்தனை ஆயிரம் சனத்துக்கு வைத்தியர் எங்கே இருக்கிறார்? ஆகவே ஆசிரியர்கள், மருத்துவிச்சிமார், ஊர்த் தொண்டர்கள், இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பாடுபட்டார். அதற்காக 2000ஆம் ஆண்டு சிவயோகனோடு சேர்ந்து "தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்" என்ற கைநூலைத் தமிழிலேயே கொண்டுவந்தார். மனசை அமைதிப்படுத்த நம்ம சனத்திடம் ஏற்கெனவே இருக்கிற பழக்கங்களையும் பாவித்தார். மூச்சை மெதுவாக இழுத்து விடுவது, மந்திரம் ஜெபிப்பது, அவரவர் சமயப்படி தியானம். வேதக்காரர்கள் செபமாலை உருட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இதை மூடப்பழக்கம் என்று அவர் தள்ளவில்லை.

சடங்குகளையும் அப்படித்தான் பார்த்தார். சாவு வீட்டிலே ஒப்பாரி வைப்பது, எட்டு, கருமாதி, திதி, இதெல்லாம் செலவு என்று நாங்களே உங்களிடம் பேசியிருக்கிறோம். கடன் வாங்கிச் செய்ய வேண்டாம் என்பதை இப்போதும் சொல்லுவோம். ஆனால் சடங்கே செய்ய வழியில்லாமல் போனவர்களின் துயரம் ஆறாமல் நிற்பதை அவர் வடக்கிலே கண்டார். காணாமல் போனவனுடைய மனைவி பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் வருடக்கணக்காக நிற்கிறாள். சாமசர மலையடியிலே உடல் கிடைக்காத வீடுகளிலும் அதே நிலைதான். தங்கை முகத்தைப் பார்க்காத அந்த அம்மாவுக்கும் அதுதான் நடந்தது.

அந்த அம்மாவை நாங்கள் பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். போகும்போது, "பைத்தியம்னு சொல்லிடுவாங்களா சார்?" என்று பஸ்ஸிலே மூன்று தரம் கேட்டாங்க. யாரும் சொல்லவில்லை. கொஞ்ச காலம் மாத்திரை எடுத்தாங்க. அடுத்த மே மாதம் கோயிலடியிலே தங்கைக்காக ஒரு படையல் போட்டாங்க. லயத்துப் பொம்பளையாட்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து அழுதார்கள். வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று அவங்க சொன்னாங்க. முழுச் சுகம் என்று சொல்ல மாட்டோம். பெரிய மழை பெய்தால் இன்றைக்கும் எழும்பி உட்கார்ந்துவிடுவாங்க. ஆனால் பேர் விழுகிறது. இப்போது பக்கத்து வீட்டு அக்காவும் கூடவே எழும்பி உட்காருகிறாங்க.

இரவிலே தூக்கமில்லை, உயிரோடு இருந்து என்ன என்று நினைப்பு வருது என்றால், அது யாருக்கும் வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களிடம் வாருங்கள். வர மனமில்லை என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள். அது அரசாங்கத்தின் தேசிய மனநல நிறுவனத்து இலக்கம். நேரடியாக கிளினிக்குக்குப் போக நினைத்தால் துண்டு எழுதித் தருவோம், தேவையென்றால் கூட ஒரு ஆளும் வரும்.

கடைசியாக வீட்டு விசயம். கீழ்ப் பிரிவிலே அடுத்த கட்டமாக வீடு கட்ட இடம் பார்த்திருப்பது உங்களுக்குத் தெரியும். இம்முறை சீட்டுக் குலுக்க வேண்டாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் பேர் எடுக்கிற படிவம் நம்ம கையிலேதான் இருக்கிறது. அதிலே ஒரு கட்டம் கூட்டியிருக்கிறோம்: "பக்கத்து வீட்டில் யார் இருக்க வேண்டும்?" மூன்று பேர் வரை எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைக் காம்பரா அம்மாவிடம் சொன்னால் அவங்க எழுதித் தருவாங்க. குடும்பத் தலைவர் மட்டும் சொன்னால் போதாது. வீட்டுப் பொம்பளையையும் கேட்டு எழுதுங்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்து வீட்டிலே பிள்ளையை விட்டுட்டு மலைக்குப் போகிறது அவங்கதான். வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு முன்னாலே படிவங்கள் கைக்கு வர வேண்டும். இப்போது தேத்தண்ணி வருது. குடித்துவிட்டு, மழை பலக்க முன்னம் வீடு போய்ச் சேருங்கள்.